சாமுண்டீஸ்வரியின் எர்த்து கம்பி

மைக்செட்காரர்களுக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்காணம் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருடமாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எங்கே போனாலும் எனக்கு முன்பே வந்து, இருப்பதிலேயே நல்ல இடமாகப் பார்த்துப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மைக்செட்காரர்தான். மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் நான் பின்னால் ஓர் அடி வைத்தால் ஒயர் தடுக்கும். நிமிர்ந்தால் ஸ்பீக்கர் தலையில் இடிக்கும். கொஞ்சம் சவுண்டைக் குறையுங்கள் என்று சொன்னால், சொத்தில் பங்கு கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நான், ஒரு மைக்செட்காரியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் நேரம்.

சாமுண்டீஸ்வரிக்கு நாற்பது வயது. என் ஸ்டூடியோவுக்குப் பின்தெருவில் வீடு. பதினான்கு வயதில் உப்பளத்து வேலைக்குப் போனவள். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும். மறுநாள் அந்த வெடிப்புக்குள் உப்பு புகும். "புண்ணுல உப்பு வெச்சாப்புலன்னு ஊர்ல சும்மா பேச்சுக்கு சொல்லுவாங்க இல்லண்ணா, எங்களுக்கு அது தெனமும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இருபத்தொரு வயதில் தட்சணாமூர்த்தியைக் கட்டிக்கொண்டு பாத்தியை விட்டுக் கரையேறினாள். தன்னைப் பிடித்துக் கட்டிக்கொள்ளவில்லை, தன் தொழில் காய்ந்த தரையில் நடக்கிற தொழில் என்பதால் கட்டிக்கொண்டாள் என்று தட்சணாமூர்த்தியே கேலி செய்வார். அவள் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

தட்சணா சவுண்ட் சர்வீஸ் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பச்சைப் பெயிண்டில் போன் நம்பரோடு எழுதியிருக்கும். அவருக்கு ஒரே ஒரு எதிரிதான் உண்டு. எங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், என் கேமரா ஸ்டாண்டின் திருகு எதையும் அது விடாது. மைக்செட்டில் ஒயரின் முனையும் பின்னும் துருப்பிடித்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கிளம்பும். தொழிலில் அதற்கு ஹம்மிங் என்று பெயர். எர்த்து சரியாக இல்லாவிட்டாலும் அதே உறுமல் வரும். எர்த்துக்காக ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, அதைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் காய்ந்துவிட்டால் எர்த்து போய்விடும். ஈரமும் உப்பும் சேர்ந்திருந்தால்தான் பிடிக்கும். பின்னைத் தின்பதும் உப்பு, எர்த்தைக் காப்பாற்றுவதும் உப்பு. இதை வைத்துத்தான் தட்சணாமூர்த்தி ஊரில் பேர் வாங்கினார். அவர் செட்டில் ஹம்மிங் வந்து யாரும் கேட்டதில்லை. சவுண்டு மட்டும் காது கிழியும், அது வேறு விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீமிதித் திருவிழாவுக்குப் புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது கிளை முறிந்து விழுந்தார். இடுப்பு எலும்பு நொறுங்கிப் பிளேட் வைத்தார்கள். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருவார். அத்தோடு சரி.

அவர் படுத்த மூன்றாவது வாரம், ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்த ஒரு காதுகுத்துக்கு சாமுண்டீஸ்வரி செட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தனியாக வந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஒரு பழைய நோட்டில் எந்த ஒயர் எந்த ஓட்டையில் என்று படம் போட்டு வைத்திருந்தாள். இடுப்பில் ஒரு துண்டு உப்புத்தாள். ஒவ்வொரு பின்னையும் மாட்டுவதற்கு முன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நான் சவுண்டைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஊர் லேசில் விட்டுவிடுமா? காதுகுத்துக்கும் சடங்குக்கும் கூப்பிட்டவர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. கோயில் திருவிழாவுக்குக் கேட்கவே கேட்கவில்லை. "பொம்பள வந்து மைக்செட் கட்டறதா? நல்லாவா இருக்கும்?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் மேல் பழைய புடவையைப் போர்த்தி வைத்திருந்தார்கள். கடைசியில் தட்சணாமூர்த்தி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கிளியனூரில் டி.ஜே. செட் வைத்திருக்கும் சதீஷ் என்பவனிடம் எல்லாவற்றையும் விற்றுவிடுவது. திங்கட்கிழமை வண்டி வரும்.

"செட்டு போனா நான் திரும்பப் பாத்திக்குத்தான் போவணும்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"பின்ன? வூட்ல துரு புடிச்சிக் கெடக்கறதுக்கு எவனாவது எடுத்துக்கினு போவட்டும்."

"என் காலப் பாத்திருக்கியா நீ?"

இந்தப் பேச்சு நடந்தபோது, வாக்கருக்கு ரப்பர் மாட்டித் தரச் சொன்னார் என்று நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. புதுச்சேரியிலிருந்து கிருபா என்று ஒரு பெண். கர்நாடக சங்கீதம் பாடுகிறவள். சபாவில் டிக்கெட் போட்டுப் பாடுவது ஒரு பக்கம் இருக்க, சனம் நடமாடுகிற இடத்தில் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்து பாடிவிட்டு எழுந்து போவது என்று அவளும் சினேகிதர்களும் கிளம்பியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ரயிலடி. மேடை கிடையாது, பேனர் கிடையாது. பேரூராட்சியில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டார்கள். கடற்கரை ஓரத்து ஊர்களில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு மரக்காணம் பஸ் ஸ்டாண்டு. சுவரில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். சவுண்டு ஒழுங்காக இருந்தால் மிச்சம் பதினொரு வாரமும் இதே செட்தான்.

போனை வைத்ததும் தட்சணாமூர்த்தி அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, போயிட்டு வா. ஒரு கொற இல்லாம முடிச்சிட்டு வந்தன்னா, சதீஷ வேணாம்னு சொல்லிடறேன். எதுனா சொதப்புன, திங்கட்கெழம வண்டி வரும். அப்பறம் என்னக் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டேன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. பங்குனி வெயில் அப்போதும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. திண்டிவனம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், புங்கமரத்தடித் திண்டில், ஒரு ஜமுக்காளத்தை விரித்தார்கள். கிருபாவுக்கு முப்பது வயதிருக்கும். கூட ஒரு வயலின்காரப் பெண், மிருதங்கத்துக்குத் தமிழரசன் என்று ஒரு தாடிக்காரர். படம் எடுக்க என்னைச் சொல்லியிருந்தார்கள். தமிழரசன் சாமுண்டீஸ்வரியைப் பார்த்துவிட்டு அவள் பின்னாலும் பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"நான்தாங்க சார்" என்றாள் அவள். கிருபா சத்தமாகச் சிரித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

சதீஷும் வந்திருந்தான். சரக்கு ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வந்தவன், பைக் மேல் சாய்ந்து சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். தட்சணாமூர்த்தி வீட்டிலிருந்தே போனில் இருந்தார். சாமுண்டீஸ்வரி இடது காதில் ஒயரை மாட்டி, போனை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு காதில் புருஷன், ஒரு காதில் கச்சேரி. இந்தக் கொடுமை எந்த சவுண்டு இன்ஜினியருக்கும் வந்திருக்காது.

கரண்டு எடுத்தது அசோகன் டீக்கடையிலிருந்து. எர்த்து கம்பியை மரத்தடி மண்ணில் அடித்தாள். வேர் தடுத்ததால் முழுக்க இறங்கவில்லை. சுற்றி ஒரு செம்பு உப்புத் தண்ணீர் ஊற்றினாள். அவள் அங்கே குனிந்திருந்த நேரத்தில், கிருபாவின் செல்போனிலிருந்து வந்த ஒரு சின்ன ஒயரைத் தமிழரசன் தானே மிக்ஸரின் நான்காவது ஓட்டையில் மாட்டிவிட்டார். அதை அவள் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வினை அங்கேதான் வந்தது.

திரும்பி வந்தவள் காதில் 'ம்ம்ம்ம்' என்று விழுந்தது.

அவள் முகம் போன போக்கை நான் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். இந்த ஒரு சத்தத்துக்குப் பயந்து பயந்தே ஒரு குடும்பம் பிழைத்திருக்கிறது. உப்புத்தாளை எடுத்தாள். முதல் பின், இரண்டாவது பின், மூன்றாவது பின், கழற்றித் தேய்த்து மாட்டினாள். உறுமல் போகவில்லை. அதற்குள் கிருபா கண்ணை மூடிக்கொண்டு ஆலாபனையைத் தொடங்கிவிட்டாள். சாமுண்டீஸ்வரி நான்காவது ஒயரை உருவினாள். சட்டென்று எல்லாம் அடங்கியது.

"போயிடுச்சிங்க" என்று போனில் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

கிருபா கண்ணைத் திறந்தாள். பாடிக்கொண்டே கையை மேலே உயர்த்திக் காட்டினாள். சவுண்டு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இவள் குரல் மைக்கின் சவுண்டை ஏற்றினாள். கீ என்று ஸ்பீக்கர் வீரிட்டது. மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் பறந்தன. பாட்டு நின்றது.

"அக்கா, நீங்க கழட்டினது தம்புரா" என்றாள் கிருபா. கோபமில்லாமல்தான் சொன்னாள், ஆனால் மைக்கில் சொல்லிவிட்டாள். "செல்போன்ல இருந்து வர்றது. அது ஓடிக்கிட்டே இருக்கணும். அது இல்லன்னா நான் எங்க நிக்கறேன்னே எனக்குத் தெரியாது."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. "ஏம்பா, மைக்செட்டுக்கு ஆம்பள யாரும் கெடைக்கலியா?" என்று டீக்கடைப் பக்கத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். இன்னும் பெரிய சிரிப்பு. சதீஷ் சாவி சுழற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் நான் சிரித்ததை அவள் பார்த்தாள்.

ஒயரைத் திரும்ப மாட்டினாள். அந்த 'ம்ம்ம்' மறுபடி கிளம்பியது, கிருபா அதன்மேல் ஏறி உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். சாமுண்டீஸ்வரி ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். காதில் புருஷன் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் தலை குனிந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

கச்சேரி நன்றாக இருந்தது. சங்கீதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஜனங்களைப் பார்க்கத் தெரியும், அது என் பிழைப்பு. திண்டிவனம் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக் கேட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். உப்பளத்து வேலை முடிந்து வந்த நாலைந்து பெண்கள், கால் முட்டிவரை வெள்ளையாய்க் காய்ந்திருக்க, தூக்குவாளியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னா பாட்டுன்னு தெரியல, ஆனா நல்லாக்குது" என்றாள் ஒருத்தி. மிருதங்கத்தைத் தனியாக வாசித்தபோது கைதட்டல் ரோட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன.

அதற்குப் பிறகுதான் என்னவோ ஆயிற்று. கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கிருபாவின் நெற்றி சுருங்கியது. பாட்டுக்கு நடுவே குனிந்து செல்போனில் தம்புராவை எதையோ திருகினாள். வயலின்காரப் பெண் அடுத்தடுத்து இரண்டு தடவை தந்தியை முறுக்கினாள். மறுபடி செல்போனைத் திருகினாள் கிருபா. நன்றாகப் போய்க்கொண்டிருந்த குரல், இருட்டில் படியைத் தேடுகிற கால்போலத் தயங்கியது. தமிழரசன் அவளைப் பார்த்தார். அவள் தெரியவில்லை என்று தலையசைத்தாள்.

சாமுண்டீஸ்வரி மட்டும் தலையைத் தூக்கினாள்.

பிறகு ஒருநாள் அவளே எனக்கு விளக்கினாள். தம்புராச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் வந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே மாதிரிதான், ஒரு மயிரிழை தள்ளி. இரண்டும் சேரும்போது சத்தம் ஏறி இறங்கி ஆடுகிறது. பாடுகிறவளுக்கு சுருதி விலகுவதுபோலத் தோன்றுகிறது, ஆனால் எதனால் என்று தெரியவில்லை. அவள் தம்புராவைச் சந்தேகப்படுகிறாள். தப்பு தம்புராவில் இல்லை. "அது ஒடம்பு சரியில்லாத சத்தம்ணா. எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா அதுக்குப் பயந்துக்கினுதான நான் படுத்து எந்திரிக்கறேன்."

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. தம்புரா ஒயரை ஒரே ஒரு நொடி உருவிப் பார்த்தால் போதும், மிச்சம் நிற்பது ஹம்மிங். ஆனால் எந்த ஒயரை உருவி ஊரே சிரித்ததோ அதே ஒயரை மறுபடி எப்படி உருவுவாள்? கை பக்கத்தில் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

போனில் கேட்டாள். "ஹம்மிங் வருதுங்க."

"அது தம்புராதான்டி. எனக்கு நல்லா கேக்குது. செட்டு சுத்தமா இருக்குது. கைய வெக்காத."

"இல்லங்க. கீழ இன்னொண்ணு ஓடுது."

"ஒருவாட்டி பண்ணது பத்தலியா? மறுபடி கைய வெச்சே, அவ்ளோதான் சொல்லிட்டேன்."

அவள் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு காதிலிருந்து ஒயரை உருவிவிட்டு எழுந்தாள். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் புருஷன் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் காதை மூடியது அதுதான் முதல் தடவையாம்.

நேராக மரத்தடிக்குப் போனாள். கம்பியைச் சுற்றித் தொட்டுப் பார்த்தாள். மணல் மண், ஊற்றியதைக் குடித்துவிட்டுப் பொருபொருவென்று காய்ந்து கிடந்தது. விளக்கு எரிந்ததும் அந்தக் கரண்டு எங்கேயோ கசிந்து, பிடிக்க எர்த்து இல்லாமல் ஸ்பீக்கருக்குள் வந்துவிட்டது. நான் கேமராவோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பாலுண்ணா, அசோகண்ணன் கடையில ஒரு பக்கெட்டு தண்ணி, கல்லுப்பு கெடைக்கிற அளவுக்கு. ஓடுண்ணா."

ஓடினேன். ஐம்பது வயதில், கழுத்தில் கேமரா ஆட, நான் அப்படி ஓடியதில்லை. சிரித்த பாவம் கரையட்டும் என்று ஓடினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அசோகன் காரணம்கூடக் கேட்கவில்லை, சட்னிக்கு வைத்திருந்த உப்பு ஜாடியையே தூக்கிக் கொடுத்தார். நம்மூர் உப்புக்குப் பஞ்சமா என்ன? பக்கெட்டில் கொட்டி அவள் கையாலேயே கலக்கினாள். கம்பியைக் கல்லால் நாலு அடி அடித்தாள், தமிழரசன் அடிக்கிற தாளத்துக்கு நடுவில் சத்தம் தெரியாமல் விழும்படி. பிறகு சுற்றிச் சுற்றித் தண்ணீர் ஊற்றினாள்.

"இன்னா, கச்சேரிக்குத் திருஷ்டி கழிக்கிறாளா?" என்று கேட்டார் முன்பு 'ஆம்பள கெடைக்கலியா' என்றவர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உப்பளத்துப் பெண் ஒருத்தி, "கம்முனு இரு, பாட்டு நடக்குது இல்ல" என்றாள்.

பாதி பக்கெட் காலியாகும்போது அது நின்றது. நான் சத்தியம் செய்கிறேன், அது நின்ற பிறகுதான் அது இருந்தது எனக்கே தெரிந்தது. அதுவரை காதில் ஏதோ துணியை அடைத்திருந்ததுபோல இருந்தது விலகியது. கிருபா அடுத்த மூச்சை எடுத்தவள், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் மேலே போனது. போனது என்றால், நான் கேட்டுக்கொண்டு பக்கெட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எனக்குக் கண் கலங்கியது. எதற்கு என்று தெரியாது. சாமுண்டீஸ்வரி அந்த ஈர மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், கை கம்பிமேல்.

அன்றைக்கு நான் எடுத்தது நூற்றுப் பத்துப் படம். அவள் அந்தக் கம்பியோடு இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. என் கையில் பக்கெட் இருந்தது.

கச்சேரி முடிந்ததும் கிருபா நேராக அவளிடம்தான் வந்தாள். "அக்கா, இன்னா பண்ணீங்க? நான் தம்புராவத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்." இவள் சொன்னாள். கிருபா அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்குப் புடிபடாதது உங்களுக்குக் கேட்டிருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம குயிலாப்பாளையம். வந்துடுங்க."

"வூட்ல கேட்டுச் சொல்றேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்வதற்கு என்ன? ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றும்போது கேட்டே விட்டேன்.

"ஒரு கொற இல்லாம முடிச்சா விக்கலன்னு சொன்னாருண்ணா. தம்புராவ நான்தான நிறுத்தனேன்? எல்லாரும் சிரிச்சது அவருக்கும் கேட்டுது. கேக்கமாட்டேன்னு வேற சொல்லிட்டேன்."

நீங்களும் சிரித்தீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் தட்சணாமூர்த்தி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாடு போட்டாள், அவர் சாப்பிட்டார். நடுவில் காதிலிருந்து ஒயரைக் கழற்றியதைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துப் புடவையைப் போர்த்திவிட்டுப் படுத்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலை, மேஸ்திரிக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடி, அவள் உப்பளத்துக்குப் போய்விட்டாள். வண்டி வந்து பெட்டிகளை ஏற்றுவதைப் பார்க்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம். பத்தொன்பது வருடம் கழித்துப் பாத்தியில் காலை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லையாம். கால் மணி நேரத்தில் பழைய வெடிப்புகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பலகையை இழுத்துக்கொண்டே போனாள். வெயில் ஏறி, கண்ணெதிரே எல்லாம் வெள்ளையாய்க் கூச ஆரம்பித்த நேரத்தில் இடுப்பில் போன் அடித்தது.

"அந்தக் கம்பிய எத்தன அடி எறக்கன?" என்றார் தட்சணாமூர்த்தி. எங்கே இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒண்ணர அடி இருக்கும். வேரு தடுத்துது."

"பத்தாது. ரெண்டர அடி எறக்கணும். வேரு இருந்தா தள்ளி அடிக்கணும். குயிலாப்பாளையத்துல செம்மண்ணு, அது வேற மாதிரி. தண்ணி நிக்காது."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"காலையில செட்டப் போட்டு, ஹம்மிங் வரவெச்சி, வெளியூரு சொந்தக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேக்கச் சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணுமே கேக்கலியாம். போன்ல அந்த சத்தம் ஏறாதுடி. நான் அங்க இருந்திருந்தாத்தான் கேட்டிருக்கும். இல்ல, எனக்கும் கேட்டிருக்காது. தம்புரான்னுதான் நானும் நெனச்சிருப்பேன்."

"சதீஷு?"

"வந்தான். பிரிச்சிப் போட்டிருக்கேன், குடுக்க முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நெசமாத்தான் பிரிச்சிப் போட்டிருக்கேன். எல்லா பின்னும் தேச்சாவணும், உப்புத்தாளு வாங்கிக்கினு வா."

அவள் போனை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மறைத்து எல்லாம் அழவில்லை, வாய்விட்டு அழுதாள். மேஸ்திரி பயந்துபோய் ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சி? வூட்ல யாருக்குனா எதுனாவா?"

"ஒண்ணுமில்லீங்க. வேல இருக்குது, போவணும்."

"வேலைக்குத்தான வந்திருக்க?"

"இது இல்லீங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி. "என் வேல."

பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, செருப்பைத் தேடினாள்.